கேட்பவருக்கும் ஒரு கேள்வித்தாள்

எடை குறைந்துகொண்டிருந்தவர்கள்தான் ஓடிப்போனார்கள். டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டிக்குப் பிடிபடாத புதிர் அது.

1980களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், கைசர் பெர்மனென்டே மருத்துவக் குழுமத்தின் நோய்த்தடுப்பு மருத்துவப் பிரிவுக்கு அவர் தலைவர். உடல்பருமன் மிகுந்தவர்களுக்கு அங்கே ஒரு திட்டம் நடந்தது. கிட்டத்தட்ட பட்டினிதான், உயிர் தாங்கும் அளவுக்குச் சத்துக் கரைசல் கொடுப்பார்கள். எடை குறையாதவர் வெறுத்துப்போய் விலகினால் அதில் நியாயம் உண்டு. மளமளவென்று குறைந்துகொண்டிருப்பவர் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட வேண்டும்?

ஒரு பெண். வந்தபோது 185 கிலோ. ஓராண்டுக்குள் 60 கிலோவுக்கு இறங்கிவிட்டார். சில வாரங்கள் அப்படியே இருந்தார். பிறகு மூன்றே வாரங்களில் 17 கிலோ ஏறிவிட்டது. “தூக்கத்தில் எழுந்து சாப்பிடுகிறேன் போலிருக்கிறது” என்றார். துருவிக் கேட்டபோதுதான், வேலை பார்க்கும் இடத்தில் ஓர் ஆண் தன்னை ஆசைக்கு அழைத்ததைச் சொன்னார். இன்னும் பேசப்பேச, சிறுமியாக இருந்தபோது சொந்தத் தாத்தாவால் பட்ட கொடுமை வெளியே வந்தது. பெருத்த உடம்பு ஆண்களின் பார்வையிலிருந்து அவரைக் காத்துவந்திருக்கிறது. டாக்டர் எதை நோய் என்று எண்ணினாரோ, அதுவே நோயாளிக்குக் காவலாக இருந்திருக்கிறது.

ஃபெலிட்டி மற்றவர்களிடமும் கேட்கத் தொடங்கினார். ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தபோது, தன் கேள்வியில்தான் ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்டு, சக ஊழியர்களை வேறு நோயாளிகளிடம் பேசச் சொன்னார். பதில் மாறவில்லை. பேட்டி கண்ட 286 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் குழந்தைப் பருவத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள்.

1990இல் அட்லாண்டாவில், உடல்பருமன் நிபுணர்களின் மாநாட்டில் இதைச் சொன்னார். அவையில் ஒருவர் எழுந்து, தோற்றுப்போன வாழ்க்கைக்கு நோயாளிகள் கட்டும் கதை இது என்று தள்ளிவிட்டார். படித்தவர்கள் சபையில்தான் இது நடந்தது. ஆனால் அன்றிரவு விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த டேவிட் வில்லியம்சன், சி.டி.சி. எனப்படும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்தவர். விஷயம் உண்மையென்றால் பெரியது, ஆனால் 286 பேரை வைத்து யாரையும் நம்பவைக்க முடியாது, ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்க வேண்டும் என்றார் அவர். அவர் மூலம் அறிமுகமானவர் ஆய்வாளர் ராபர்ட் ஆண்டா. ஃபெலிட்டியும் ஆண்டாவும் சேர்ந்து 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்டோரிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள்.

இவர்கள் யார் என்பது முக்கியம். பெரும்பாலும் வெள்ளையர், நடுத்தர வர்க்கம், கல்லூரி வாசல் மிதித்தவர்கள், நல்ல மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள். ஏழ்மையின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர முடியாத கூட்டம்.

கேள்விகள் குழந்தைப் பருவத்தைப் பற்றியவை. அடி உதை, வசை, பாலியல் கொடுமை, வீட்டில் அம்மா அடிபடுவதைப் பார்த்தது, குடிக்கு அடிமையானவரோடு வளர்ந்தது என்று வகைக்கு ஒரு மதிப்பெண். 1998இல் முதல் முடிவுகள் வெளிவந்தன. நான்கோ அதற்கு மேலோ மதிப்பெண் பெற்றவர்களை ஒன்றுமே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், தற்கொலைக்கு முயன்றிருக்கும் வாய்ப்பு 12 மடங்கு, குடிநோய் 7 மடங்கு. இதயநோய்கூட இரண்டு மடங்குக்கு மேல்.

மனக்காயம் குடியில் முடிவது புரிகிறது. இதயத்துக்கு எப்படிப் போகிறது? ஒரு வழி, ஆறுதலுக்குப் பிடிக்கும் சிகரெட். இன்னொரு வழி உடம்புக்குள்ளேயே இருக்கிறது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அவர்களில் சிறுவயதில் துன்புறுத்தப்பட்டவர்களின் ரத்தத்தில், 32 வயதில், அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் கூடுதலாக இருந்தது. அடித்த கை எப்போதோ விலகிவிட்டது. உடம்பு இன்னும் சண்டைக்குத் தயாராகவே நிற்கிறது.

இதுவரை நோயாளியின் கதை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்?

நர்ஸ், கவுன்சலர், சமூகப் பணியாளர், குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவர் எல்லோருக்கும் ஒரு குழந்தைப் பருவம் இருந்திருக்கிறது. 1995இல் லாரி பேர்ல்மன், பாலா மெக் இயன் இருவரும் மனக்காயத்துக்குச் சிகிச்சை தரும் 188 பேரை ஆராய்ந்தார்கள். 60 சதவீதம் பேர் தாங்களும் காயப்பட்டவர்கள் என்றார்கள். 2013இல் அமெரிக்கக் குழந்தைகள் நல ஊழியர்களிடம் நடந்த ஒரு சிறு ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோரின் மதிப்பெண் இரண்டோ அதற்கு மேலோ. ஃபெலிட்டியும் ஆண்டாவும் நடத்திய கைசர் ஆய்வில் அது 38 சதவீதம்தான். சிறு ஆய்வு என்பதால் இதை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனால் ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

பட்டவருக்குத்தான் பட்டவர் வலி தெரியும் என்பது உண்மை. குழந்தை வாய் திறக்கும் முன்பே அதன் முகத்தைப் படித்துவிடுகிற திறமை பலருக்கு அப்படித்தான் வந்திருக்கும். அதற்கு விலையும் உண்டு. பேர்ல்மன் ஆய்வில், சொந்தக் காயம் உள்ளவர்களே வேலையால் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களிலும் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் படுமோசம். அடுத்தவர் துயரத்தைக் கேட்டுக்கேட்டே மரத்துப்போகும் இந்த நிலையை உளவியலாளர் சார்ல்ஸ் ஃபிக்லி ‘இரக்கச் சோர்வு’ என்று எழுதினார். ஊழியர் துவண்டால் நிர்வாகங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒரு நாள் யோகா வகுப்பு. மறுநாள் காலை அதே நாற்காலி, அதே நீண்ட வரிசை.

அப்படியானால் வேலைக்குச் சேர்க்கும்போதே இந்தக் கேள்வித்தாளை நீட்டினால் என்ன என்று யாருக்காவது தோன்றலாம். கூடாது. ஆண்டாவே 2020இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து எச்சரித்தார்: கூட்டத்தைப் பற்றிப் பேச உருவான மதிப்பெண் இது, தனி மனிதரின் எதிர்காலத்தைச் சொல்லாது. ஒருவர் சில மாதம் பட்ட அடிக்கும், இன்னொருவர் பத்து வருஷம் பட்ட அடிக்கும் இதில் ஒரே ஒரு மதிப்பெண்தான். யார் ஆறுதலாக உடனிருந்தார்கள் என்பதற்கு இதில் இடமே இல்லை.

நிர்வாகங்கள் செய்யக்கூடியது வேறு. ஒருவர் தலையில் எத்தனை வழக்குகள் என்பதற்கு வரம்பு வைக்கலாம். கேட்டதையெல்லாம் மூத்தவர் ஒருவரிடம் கொட்டித் தீர்க்க, வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். காப்பகமோ ஆலோசனை மையமோ நடத்துகிறவர்கள் அடுத்த மாத அட்டவணையில் அந்த ஒரு மணி நேரத்தை முதலில் எழுதிவிட்டு, மற்றதைப் பிறகு நிரப்பட்டும்.

(தொடரும்)