மரப் பாய்மரக் கப்பல் மாதிரி

மரப் பாய்மரக் கப்பல் மாதிரி என்பது, பாய்களால் இயங்கிய பழைய மரக்கப்பல் ஒன்றைக் குறிப்பிட்ட அளவு விகிதத்தில் சுருக்கி மரத்திலேயே கட்டும் சிறு உருவம் ஆகும். இதற்கு வேண்டிய வெட்டிய மரத்துண்டுகள், உலோகப் பாகங்கள், நூல், வரைபடம் ஆகியவை அடங்கிய 'கிட்' எனப்படும் தொகுப்புகள் விற்கப்படுகின்றன. இத்தாலி, ஸ்பெயின், பிரித்தானியா, அமெரிக்கா முதலிய நாடுகளின் நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. பெரிய கப்பல் ஒன்றைக் கட்டி முடிக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். தொகுப்பில் கிடைப்பவை பாகங்களே. அவை கப்பலின் சரியான வடிவத்தைப் பெறுவது, பின்னர் வெளியே தெரியாமல் மறைந்துவிடும் தொடக்க வேலைகளைப் பொறுத்தது.

வரலாறு

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கடற்படைக்காகக் கப்பல் மாதிரிகள் நுட்பமாகச் செய்யப்பட்டன. உள்ளே இருக்கும் சட்டங்கள் தெரியும்படி இவற்றின் அடிப்பகுதி பெரும்பாலும் பலகை பதிக்காமல் விடப்பட்டது. இத்தகைய மாதிரிகள் பல, லண்டன் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. பிரெஞ்சுப் புரட்சிப் போர்களிலும் நெப்போலியன் போர்களிலும் பிரித்தானியாவில் சிறைப்பட்ட பிரெஞ்சுக் கைதிகள், உணவில் எஞ்சிய எலும்புகளைக் கொண்டு கப்பல் மாதிரிகள் செய்து விற்றனர். இருபதாம் நூற்றாண்டில் ஆயத்தத் தொகுப்புகள் வந்தபின் இது பொதுமக்களின் பொழுதுபோக்காகவும் பரவியது.

அளவு விகிதம்

உண்மைக் கப்பலின் நீளத்தை விகித எண்ணால் வகுத்தால் மாதிரியின் நீளம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, பிரித்தானியப் போர்க்கப்பல் விக்டரியின் கீழ்ப் பீரங்கித் தளம் ஏறத்தாழ 56.7 மீட்டர் நீளமுடையது. 1:72 விகிதத்தில் அது சுமார் 79 செ.மீ. ஆகும், 1:98 விகிதத்தில் சுமார் 58 செ.மீ. ஆகும். 170 செ.மீ. உயரமுள்ள மாலுமி 1:72 விகிதத்தில் 2.4 செ.மீ. உயரமே இருப்பார். விகித எண் கூடக்கூட மாதிரி சிறிதாகும். கயிறு, கப்பி போன்ற நுண்ணிய பாகங்களைக் கையாள்வது கடினமாகும்.

எலும்புக்கூடு

தொகுப்புகளில் மிகப் பரவலானது, குறுக்குச் சட்டங்களின் மேல் பலகை பதிக்கும் முறை. முதலில் ஒட்டுப்பலகையில் வெட்டிய நெடுக்குச் சட்டம் வைக்கப்படுகிறது. இது கப்பலின் அடிக்கட்டையான ஏராவின் இடத்தில் அமைந்து முதுகெலும்புபோல் நிற்கும். அதிலுள்ள பிளவுகளில் குறுக்குச் சட்டங்கள் செருகப்படுகின்றன.

நெடுக்குச் சட்டம் வளையாமல் இருக்கிறதா என்பதைச் சமதளத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குறுக்குச் சட்டங்கள் அதற்குச் சரியான செங்கோணத்தில் நிற்பதை மூலைமட்டம் கொண்டு சரிபார்க்க வேண்டும். இங்கே ஒரு சட்டம் சாய்ந்தால், பின்னர் பாய்மரமும் தளமும் சாய்ந்தே அமையும். பசை காய்ந்த பிறகு இதைத் திருத்துவது எளிதன்று.

அடுத்தது சட்டங்களின் ஓரத்தைச் சரிவாக்கும் வேலை. கப்பலின் முன்பகுதியும் பின்பகுதியும் குறுகுவதால், பலகை அங்குள்ள சட்டங்களைச் சாய்வாகவே தொடும். சட்டத்தின் ஓரம் சதுரமாக இருந்தால் பலகை ஒரு முனையில் மட்டும் படியும். எனவே உப்புத்தாள் ஒட்டிய கட்டையால் ஓரங்களைத் தேய்த்துச் சரிவாக்குகின்றனர். மெல்லிய பலகை ஒன்றை முன்னிருந்து பின்வரை வளைத்து வைத்துப் பார்த்தால் குறை தெரிந்துவிடும். பலகை ஒரு சட்டத்தைத் தொடாமல் நின்றால் அங்கே பள்ளம் இருக்கிறது. ஒரு சட்டத்தில் முட்டி எழும்பினால் அங்கே மேடு இருக்கிறது. அவசரப்படுவோர் இந்த வேலையைத் தாண்டிவிடுவதுண்டு. அதன் விளைவு, பலகை பதித்த பின் மேடுபள்ளமாகத் தெரியும்.

பலகை பதித்தல்

பல தொகுப்புகளில் இரண்டு அடுக்குப் பலகைகள் உள்ளன. முதல் அடுக்கு எளிதில் வளையும் மென்மையான மரத்தாலானது. அதன் மேல் வால்நட் போன்ற அழகிய மரத்தின் மெல்லிய பட்டைகள் ஒட்டப்படுகின்றன. முதல் அடுக்கில் நேரும் சிறு பள்ளங்களை மரமக்கு பூசித் தேய்த்துச் சரிசெய்யலாம்.

கற்போர் பலர் தடுமாறும் இடம் இதுவே. எல்லாப் பலகைகளும் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அகலத்தில் இருக்கும் என்று எண்ணி ஒட்டினால், முன்முனையில் இடம் போதாமல் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கப்பலின் நடுவில் பலகைகள் மூடவேண்டிய சுற்றளவு அதிகம், முனையில் குறைவு. ஆகவே பலகைகள் முனையை நோக்கிக் குறுக வேண்டும்.

இதைக் கணக்கிடுவது எளிது. நடுச் சட்டத்தின் ஒரு பக்கத்தில் மூடவேண்டிய நீளம் 120 மி.மீ., பலகையின் அகலம் 5 மி.மீ. எனக் கொள்வோம். அங்கே 24 பலகைகள் வேண்டும். முன்முனையில் அந்த நீளம் 72 மி.மீ. மட்டுமே என்றால், அதே 24 பலகைகள் அங்கே தலா 3 மி.மீ. அகலத்தில் அமைய வேண்டும். பலகையை அதன் பாதி அகலத்திற்கும் கீழே குறுக்குவதில்லை. அத்தகைய இடத்தில் இரண்டு பலகைகளை ஒன்றில் முடித்துவிடுவர். பின்பகுதியில் சில கப்பல்களில் இடைவெளி விரியும். அங்கே ஆப்பு வடிவத் துண்டுகள் சேர்க்கப்படும்.

வளைக்க வேண்டிய பலகையை நீரில் ஊறவைத்துச் சூடுகாட்டி வளைக்கலாம். நனைந்த மரம் பருத்திருக்கும். அது உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும்; இல்லையெனில் காயும்போது சுருங்கிப் பலகைகளுக்கிடையே கோடுபோல் பிளவு தோன்றும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாறிமாறிப் பதித்தால் எலும்புக்கூடு ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளாது.

தளம், பாய்மரம், கயிறுகள்

உண்மைக் கப்பலில் தளப்பலகைகளின் இடுக்குகளில் பழங்கயிற்று நாரைத் திணித்துக் கீல் ஊற்றினர். மாதிரியில் பலகை ஓரத்தில் பென்சில் தீட்டி அந்தக் கருங்கோட்டைக் காட்டுகின்றனர்.

கயிறுகள் இருவகை. பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள் கீல் பூசப்பட்டிருந்ததால் கரிய நூலிலும், பாய்களை இயக்கும் கயிறுகள் வெளிர்நிற நூலிலும் காட்டப்படுகின்றன. நூலைத் தேன்மெழுகில் இழுத்தால் பிசிறு அடங்கும். பாய்மரத்தின் இருபுறமும் இறங்கும் கயிறுகளை இணையிணையாக, இடமும் வலமும் மாறிமாறிக் கட்ட வேண்டும். ஒரே பக்கத்தை முதலில் இறுக்கினால் பாய்மரம் அப்பக்கம் சாயும்.

இக்கயிறுகளின் குறுக்கே மாலுமிகள் ஏறுவதற்கான படிக்கயிறுகள் உண்டு. 1:72 விகிதத்தில் அவற்றின் இடைவெளி சுமார் 5 மி.மீ. ஆகும். கோடு போட்ட அட்டையைப் பின்னால் வைத்துக்கொண்டால் வரிசை பிசகாது. விக்டரி போன்ற மூன்று பாய்மரக் கப்பலில் இந்த முடிச்சுகள் ஆயிரக்கணக்கில் வரும்.

வரலாற்றுச் சரிநிலை

நேர்த்தியாகக் கட்டிய மாதிரியும் வரலாற்றுப்படி தவறாக இருக்கலாம். ஒரு கப்பல் தன் வாழ்நாளில் பலமுறை மாறுவதே காரணம். விக்டரி 1765ஆம் ஆண்டு சாத்தமில் நீரில் இறக்கப்பட்டது. அப்போது அதன் முகப்பில் பெரிய, சிக்கலான சிற்பத் தொகுதி இருந்தது. பின்புறத்தில் திறந்த மாடங்கள் இருந்தன. 1780இல் மரத்துளைப் புழுக்களையும் பாசியையும் தடுக்க அடிப்பகுதியில் செப்புத்தகடு பதிக்கப்பட்டது. 1800 முதல் 1803 வரை நடந்த பெரும் பழுதுபார்ப்பில் மாடங்கள் மூடப்பட்டு, எளிய முகப்புச் சிற்பம் வைக்கப்பட்டது. 1805இல் டிரபால்கர் போரில் நெல்சன் உயிர்நீத்தது இந்த மாறிய தோற்றத்துடன் இருந்த கப்பலிலேயே.

எனவே செப்புத்தகட்டையும் திறந்த மாடத்தையும் டிரபால்கர் கால வண்ணத்தையும் ஒன்றாகக் காட்டும் மாதிரி, எந்த ஆண்டின் விக்டரியும் ஆகாது. வண்ணத்திலும் கவனம் தேவை. 1922 முதல் போர்ட்ஸ்மத் உலர்துறையில் நிற்கும் இக்கப்பலுக்கு, பழைய வண்ண அடுக்குகளை ஆராய்ந்தபின் 2015இல் முன்பைவிட வெளிறிய மஞ்சள் பூசப்பட்டது. அதற்கு முந்திய தொகுப்புகளின் படங்கள் அழுத்தமான மஞ்சளையே காட்டும். எந்த ஆண்டின் கப்பல் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ப வரைபடத்தைச் சரிபார்ப்பது நல்லது.

பாதுகாப்பும் பராமரிப்பும்

- மரத்தூள் மூச்சுக்குழாயை உறுத்தும். சிலருக்கு வால்நட் தூள் ஒவ்வாமை தரும். தேய்க்கும்போது முகக்கவசம் அணிய வேண்டும்.
- நொடியில் ஒட்டும் பசையைக் காற்றோட்டமான இடத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.
- கத்தியை எப்போதும் விரல்களுக்கு எதிர்த்திசையில் செலுத்த வேண்டும். மழுங்கிய கத்திக்கு அதிக அழுத்தம் தேவைப்படுவதால் அது வழுக்கிக் காயம் ஏற்படுத்தும்.
- முடிந்த மாதிரியைக் கண்ணாடிப் பெட்டியில், நேர் வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.
- ஈயத்தாலான பீரங்கிகளும் நங்கூரங்களும் இருந்தால் ஓக் மரப் பெட்டியைத் தவிர்க்க வேண்டும். அம்மரத்திலிருந்து வெளிவரும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கிவிடும். அருங்காட்சியக மாதிரிகளிலும் இச்சேதம் கண்டறியப்பட்டுள்ளது.