ஒரு பெட்டிக்குள் நாலு கம்ப்யூட்டர்!

காலையில் ஆபீசுக்குப் போய் உட்காருகிறீர்கள். வவுச்சர் கட்டு மேஜையில் காத்துக் கிடக்கிறது. "சர்வர் படுத்து விட்டது" என்கிறார்கள். கணக்கு, சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு, வருகைப் பதிவு எல்லாமே நிற்கிறது. "நாலுக்கும் நாலு சர்வர் என்றார்களே, நாலும் எப்படி ஒரே நிமிஷத்தில் படுக்கும்?" என்று அந்தேரியில் குமாஸ்தாவாக இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அந்த நாலும் தனித்தனி இயந்திரங்கள் அல்ல. ஒரே பெட்டிக்குள் நாலு கம்ப்யூட்டர்கள் குடியிருந்தன. 'விர்ச்சுவல் மெஷின்' என்பார்கள். தமிழில் மெய்நிகர் இயந்திரம். பெயர்தான் பயமுறுத்துகிறது. விஷயம் மும்பைவாசிகளுக்குப் புதிதல்ல.

ஷிப்ட் கட்டில்

மில்கள் ஓடிய காலத்தில், ஒரே கோலியில் பகல் ஷிப்ட்காரரும் இரவு ஷிப்ட்காரரும் ஒரே கட்டிலில் மாறி மாறிப் படுத்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கட்டில் ஒன்று, ஆள் இரண்டு. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் அந்தக் கட்டில் மாதிரி. சம்பள சர்வர் மாதத்தில் சில நாள்தான் மும்முரமாக இருக்கும். மற்ற நேரம் சும்மா கிடக்கும். அந்த நேரத்தை மற்றவை எடுத்துக் கொள்ளலாம்.

மெமரி அப்படி அல்ல. அது டிரங்குப் பெட்டி வைக்கிற இடம். ஆள் வேலைக்குப் போனாலும் பெட்டி அங்கேயேதான் இருக்கும். இதை மறந்து, ஒரு சர்வரில் அளவுக்கு மீறிக் குடிவைத்தால் எல்லாமே நொண்டியடிக்கும்.

யாருக்கு எவ்வளவு என்று பங்கு போடும் வீட்டுக்காரருக்கு 'ஹைப்பர்வைசர்' என்று பெயர். குடியிருக்கும் ஒவ்வொரு இயந்திரமும் முழு வீடும் தன்னுடையது என்றே நினைத்துக் கொண்டிருக்கும். ஒன்றில் விண்டோஸ் ஓடலாம், பக்கத்தில் லினக்ஸ் ஓடலாம். ஒன்று கெட்டாலும் மற்றது கெடாது.

இது நேற்று வந்த வித்தையும் அல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே தன் பெரிய கம்ப்யூட்டர்களில் இதைச் செய்து பார்த்து, 1972-ல் வி.எம்.370 என்ற பெயரில் அறிவித்தது. சாதாரண கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டு வந்தது 1998-ல் அமெரிக்காவில் தொடங்கிய வி.எம்.வேர். 2007-ல் லினக்சிலேயே கே.வி.எம். என்ற பெயரில் இந்த வசதி இலவசமாகச் சேர்ந்தது.

கோப்பாகிப் போன கம்ப்யூட்டர்

இதிலுள்ள பெரிய சௌகரியம், ஒரு முழுக் கம்ப்யூட்டரும் சில கோப்புகளாகச் சுருங்கி விடுவதுதான். நகல் எடுக்கலாம், வேறு பெட்டிக்கு மாற்றலாம். ஓடிக் கொண்டிருக்கும்போதே கூட மாற்றலாம்! மெமரியில் உள்ளதை முதலில் நகல் எடுப்பார்கள். அதற்குள் மாறிப் போனதை மறுபடி எடுப்பார்கள். கடைசியில் கண் சிமிட்டும் நேரம் நிறுத்தி, புதிய பெட்டியில் ஓட விடுவார்கள். வேலை செய்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் இதற்கு இரண்டாவது பெட்டி ஒன்று வேண்டுமே! செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று பல ஆபீசுகளில் ஒன்றோடு நிறுத்தி விடுகிறார்கள். அது சிக்கனம் அல்ல, சூதாட்டம்.

நண்பரின் ஆபீசில் நடந்தது இன்னொரு தவறு. புதிய புரோகிராம் போடுமுன் 'ஸ்னாப்ஷாட்' எடுப்பது வழக்கம். அந்த நிமிஷத்து நிலையைப் பிடித்து வைப்பது அது. புரோகிராம் சரிப்படாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் எடுத்த நாள் முதல், மாற்றங்களெல்லாம் தனிக் கோப்பில் சேர்ந்து கொண்டே போகும். தீபாவளிக்கு முன் நாலுக்கும் எடுத்தவர்கள் அழிக்க மறந்து விட்டார்கள். மார்ச் மாதக் கடைசியில் டிஸ்க் நிரம்பியது, நாலும் நின்றன. "பேக்கப் இருக்கிறதா?" என்றால், ஸ்னாப்ஷாட்டையே பேக்கப் என்று நம்பியிருந்திருக்கிறார்கள்! அதுவும் அதே டிஸ்க்கில்தான் இருந்தது. சம்பளம் மூன்று நாள் தள்ளிப் போயிற்று. வாடகைக்கு நண்பர் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று.

சாவியும் ஒன்றுதான்

2023 பிப்ரவரியில் பல நாடுகளில், வி.எம்.வேரின் இ.எஸ்.எக்ஸ்.ஐ. ஓடிய ஆயிரக்கணக்கான சர்வர்களைத் திருடர்கள் பூட்டிப் பணம் கேட்டார்கள். அவர்கள் நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு 2021-லேயே திருத்தம் வந்திருந்தது, பலர் போடவில்லை. ஹைப்பர்வைசரின் பாஸ்வேர்டு கட்டிடம் முழுவதற்குமான சாவி. அதை நாலு பேர் அறிய மானிட்டரில் ஒட்டி வைப்பதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் பெரிய சர்வர் தேட வேண்டியதில்லை. எட்டு ஜி.பி. மெமரி உள்ள பழைய கம்ப்யூட்டர் போதும். 'விர்ச்சுவல் பாக்ஸ்' என்பதை இலவசமாக இறக்கி, உள்ளே ஒரு லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம். ஓட மறுத்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் பயாஸ் அமைப்பில் 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரி அணைந்திருக்கும். அதைப் போட்டு விட்டால் ஓடும்.