சோப்புக் குமிழியில் ஒரு பிரேக்

குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். வீறிட்டு அழுகிறது, முகம் சிவக்கிறது, காலை உதைக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அதன் வாயிலிருந்து சிறிதளவு எச்சில் எடுத்துச் சோதிக்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மேகன் குன்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1990-களில் செய்த ஆய்வு இது. எச்சிலில் அவர்கள் தேடியது கார்ட்டிசால். நெருக்கடியைச் சமாளிக்க உடல் சுரக்கும் ஹார்மோன் அது. ஒரு வயதைத் தாண்டிய, பெற்றோரிடம் நம்பிக்கையோடு ஒட்டிக்கொண்ட குழந்தைகளும் ஊசிக்கு அழத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் எச்சிலில் கார்ட்டிசால் பெரிதாக ஏறவில்லை. வாய் அலறியது, உடம்பு அலறவில்லை.

இந்த விசித்திரத்தைப் புரிந்துகொள்ள, சிறுநீரகங்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கே ஒவ்வொன்றும் 4, 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன் சர்க்கரையின் எடை. இதற்குள் இரண்டு தொழிற்சாலைகள் இருக்கின்றன. உட்பகுதிக்கு நரம்பு வழியாக நேரடிக் கட்டளை வருகிறது. சில நொடிகளில் அட்ரினலின் பாய்கிறது, இதயம் படபடக்கிறது. வெளிப்பகுதிக்கான கட்டளை சுற்றி வளைத்து வருகிறது. மூளையின் ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, அது இரத்தம் வழியாக அட்ரினலுக்குச் சொல்ல, அதன் பிறகே கார்ட்டிசால் வெளிவருகிறது. உச்சத்தைத் தொட 20 முதல் 30 நிமிடம் ஆகும். பொம்மைச் சண்டை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளை அரை மணி கழித்தும் சிணுங்கிக்கொண்டிருந்தால், அதைப் பிடிவாதம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கார்ட்டிசால் வில்லனும் அல்ல. தினமும் காலையில் நம்மை எழுப்பி உட்கார வைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. ஏறியது இறங்காமல் நாள்கணக்கில் நீடித்தால்தான் சிக்கல்.

இறக்குவதற்கான ஏற்பாடும் உடம்பிலேயே இருக்கிறது. முதல் ஏற்பாடு தோலில். ரோமம் முளைக்கும் தோலுக்குள் ஒரு வகை மெல்லிய நரம்பிழைகள் ஓடுகின்றன. சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் இவற்றின் மின்துடிப்புகளை ஒவ்வொரு இழையாகப் பதிவு செய்திருக்கிறார்கள். சாதாரணத் தொடு உணர்வு நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் மூளைக்குப் போகும். இந்த இழைகளில் செய்தி நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர்தான், நாம் நடக்கும் வேகம். அவசரச் செய்திக்கு இவை லாயக்கில்லை. இவை காத்திருப்பது ஒரே ஒரு விஷயத்துக்கு: நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும் கைக்கு. வேகமாகத் தேய்த்தாலும் அசையாமல் அழுத்தினாலும் அவ்வளவாகக் கிளர்வதில்லை. பிள்ளையின் முதுகில் கழுத்திலிருந்து 15 சென்டிமீட்டர் இறங்க 5 நொடி எடுத்துக்கொள்ளும் கை, ஏறக்குறைய அந்த இழைகளுக்கென்றே அளவெடுத்தது. எந்தப் பாட்டிக்கும் இதை யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

அடுத்தது மூச்சு. இதயத்தை அதன் போக்கில் விட்டால் பெரியவர்களுக்கு நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 அளவில் நிற்கிறதென்றால், மூளையிலிருந்து கழுத்து வழியே இறங்கும் வேகஸ் நரம்பு பிரேக் போட்டுக்கொண்டே இருக்கிறது என்று பொருள். பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதை 1921-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி கண்டுபிடித்தார். சோதனைக்கான யோசனை அவருக்குக் கனவில் வந்தது. அரைத்தூக்கத்தில் கிறுக்கி வைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லை. மறுநாள் இரவு அதே கனவு திரும்ப வர, எழுந்து நேராக ஆய்வகத்துக்குப் போய்விட்டார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மந்தமானது. அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலே அதுவும் மந்தமானது! நரம்பு ஏதோ ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. அது அசிட்டைல்கோலின் என்று பின்னால் உறுதியானது. 1936-இல் நோபல் பரிசும் வந்தது.

இந்த பிரேக் மூச்சோடு பிணைந்திருக்கிறது. உள்ளே இழுக்கும்போது பிடி தளர்ந்து துடிப்பு சற்றுக் கூடும், வெளியே விடும்போது பிடி இறுகித் துடிப்பு குறையும். குழந்தைகளிடம் இந்த ஏற்ற இறக்கம் பெரியவர்களைவிடத் தெளிவாகத் தெரியும். அமைதியாகக் கிடக்கும் பிள்ளையின் மணிக்கட்டில் விரல் வைத்தால் நீங்களே உணரலாம். ஆக, மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விடுவது பிரேக்கை நாமே மிதிப்பது.

ஆனால் நான்கு வயதுப் பிள்ளையிடம் “மூச்சை நிதானமாக விடு” என்றால் என்ன ஆகும்? தோளைத் தூக்கி, கன்னத்தை உப்பி, புஸ்ஸென்று ஊதும். இங்கேதான் சோப்புக் குமிழி கைகொடுக்கிறது. பலமாக ஊதினால் வளையத்திலுள்ள சவ்வு கிழிந்துவிடும். மெதுவாக, ஒரே சீராக ஊதினால்தான் குமிழி பெரிதாகும். அந்த வயதில் நிமிடத்துக்கு 20, 25 மூச்சு. அதாவது ஒரு மூச்சுக்கு மூன்று நொடிக்கு மேல் இல்லை. நல்ல பெரிய குமிழி ஒன்றுக்கு வெளிமூச்சு மட்டுமே நாலைந்து நொடி போய்விடும். யாரும் பாடம் நடத்தவில்லை, குமிழியே திருத்துகிறது. பனை ஓலைக் காற்றாடியிலும் ஏறக்குறைய இதே வித்தைதான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் யெலேனா ஒப்ரடோவிச் குழுவினர் ஏழு வயதை ஒட்டிய 300-க்கும் மேற்பட்ட சிறுவர்களிடம் நிதான மூச்சின் பலனைச் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். பூவை முகர்வதுபோல இழுத்து, கேக்கின் மெழுகுவர்த்தியை அணைப்பதுபோல விடச் சொல்லும் ஒரு நிமிடக் காணொளி, அவ்வளவுதான். விளையாட்டுத் திடலிலும் அருங்காட்சியகத்திலும் வைத்தே அளந்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவிலும் இதயத்துடிப்பின் அளவீடுகளில் தணிவு தெரிந்தது.

இதை அழுகைக்கு நடுவில் கற்றுக்கொடுக்க முடியாது. நெற்றிக்குப் பின்னால், திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் முன்மூளைப் புறணி முழுதாக முதிர 25 வயது அளவில் ஆகிவிடுகிறது. பதற்றத்தில் முதலில் தடுமாறுவதும் அதுவே. குளித்து, சாப்பிட்டு, சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பல நாள் விளையாடிப் பழகியிருந்தால்தான், யோசிக்க முடியாத நேரத்திலும் உடம்புக்கு அது நினைவுக்கு வரும். கோபம் வந்தபின் “மூச்சு விடு, மூச்சு விடு” என்று அதட்டுவது வீண்.

இன்னொன்று, பெரியவர்கள் பற்றியது. சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளைத் தனி அறையில் வைத்துவிட்டு, அம்மாக்களை மட்டும் அந்நியர்கள் முன் பேசவைத்தார்கள். சிலர் பேசும்போது எதிரில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள், தலையை ஆட்டி மறுத்தார்கள். பிறகு குழந்தைகளை அம்மாவிடம் சேர்த்தார்கள். சில நிமிடங்களில் குழந்தைகளின் இதயப் பதிவுகள் அம்மாக்களின் பதற்றத்தைப் பின்பற்றத் தொடங்கின. முகச்சுளிப்பைச் சந்தித்த அம்மாக்களின் குழந்தைகள், அடுத்து வந்த புதியவர்களைக் கண்டு கூடுதலாக ஒதுங்கின. அடுத்த அறையில் என்ன நடந்ததென்று அவை பார்த்திருக்கவே இல்லை. அழும் பிள்ளையைத் தூக்குவதற்கு முன் நாமே இரண்டு மெழுகுவர்த்திகளை ஊதி அணைப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.