துணி முகக்கவசமா, மருத்துவ முகக்கவசமா?

கொரோனா மீண்டும் தலைதூக்கிய 2023 ஏப்ரலில், காரைக்காலில் பொது இடங்களில் முகக்கவசம் மறுபடியும் கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் அக்கட்டாயம் நீங்கியது. ஆயினும் காசநோய், சளிக்காய்ச்சல் போன்றவற்றால் துன்புறுவோருக்கும் அவர்களைப் பேணும் உறவினருக்கும் முகக்கவசத்தின் தேவை நீங்கவில்லை. எதை, எங்கே அணிவது என்பதை அறிந்துகொள்வது நலம்.

அமைப்பில் உள்ள வேறுபாடு

மருத்துவ முகக்கவசம் மூன்று அடுக்குகளைக் கொண்டது. வெளியடுக்கு நீர்த்திவலைகளைத் தடுக்கிறது. உள்ளடுக்கு மூச்சின் ஈரத்தை ஏற்கிறது. நடு அடுக்கின் நுண்ணிழைகளில் மின்னூட்டம் உள்ளது; கிருமிகளைச் சுமந்துவரும் நுண்துகள்களை அது ஈர்த்துப் பிடிக்கிறது. சோப்பு நீரில் துவைத்தால் இம்மின்னூட்டம் குன்றிவிடும். பார்வைக்குத் தூய்மையாகத் தோன்றினாலும் வடிகட்டும் ஆற்றல் குறைந்திருக்கும். எனவே ஒருமுறை அணிந்ததைத் துவைத்து மீண்டும் அணிவது சிக்கனம் அன்று.

துணி முகக்கவசத்தின் ஆற்றல் நெசவின் நெருக்கத்தையும் அடுக்குகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. வியட்நாமின் ஹனோய் நகரில் 14 மருத்துவமனைகளின் 1,607 பணியாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2015-இல் வெளியானது. மருத்துவ முகக்கவசம் அணிந்தோரைவிடத் துணி அணிந்தோரிடமே சளிக்காய்ச்சல் போன்ற நோய் மிகுதியாகக் காணப்பட்டது. ஆகவே மருத்துவமனைக்குள் துணி முகக்கவசம் போதாது.

நோயாளி அணிவதன் பயன்

தென்னாப்பிரிக்காவில் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உடையோர் தங்கிய அறையின் காற்று, கினிப் பன்றிகளின் கூண்டுகளுக்குள் செலுத்தப்பட்டது. நோயாளிகள் முகக்கவசம் அணியாத நாட்களின் காற்றைச் சுவாசித்த 90 விலங்குகளில் 69-க்குத் தொற்று ஏற்பட்டது. மருத்துவ முகக்கவசம் அணிந்த நாட்களின் காற்றைச் சுவாசித்த 90-இல் 36-க்கு மட்டுமே ஏற்பட்டது. இருமும் நோயாளியை முகக்கவசம் அணியச் சொல்வது அவரை ஒதுக்குவது அன்று. தம் வீட்டாருக்கு அவரே அளிக்கும் பாதுகாப்பு அது. எனினும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை என்பதையும் மேற்கண்ட எண்கள் உணர்த்துகின்றன. சன்னல்களைத் திறந்து வையுங்கள்; காசநோயாளியுடன் இருப்போர் தமக்கு என்95 வகை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எங்கே எது?

- மருத்துவமனையிலும் நோயாளியின் அறையிலும் மருத்துவ முகக்கவசம் அணிக.
- 60 வயதைக் கடந்தோரும் நாட்பட்ட நோயுடையோரும் நெரிசலான பேருந்திலும், சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக் கூட்டத்திலும் மருத்துவ முகக்கவசமே அணிக.
- உடல்நலம் உள்ளோர் கடைத்தெருவுக்குச் செல்லும்போது மூன்றடுக்குத் துணி முகக்கவசம் அணியலாம். செலவைக் குறைக்க ஏற்ற இடம் இதுவே.

பேணும் முறை

துணி முகக்கவசத்தை நாள்தோறும் சோப்பிட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் கடலோர ஊரில் துணி எளிதில் உலராது. ஆதலால் ஒருவருக்கு மூன்று நான்காவது இருக்கட்டும். ஈரமானதை எவ்வகையாயினும் அணிய வேண்டா. மூக்கும் வாயும் மோவாயும் மூடியிருக்க வேண்டும். கழற்றும்போது காதுப்பட்டையை மட்டும் தொடுங்கள். பின்னர்க் கை கழுவுங்கள்.

பயன்படுத்திய மருத்துவ முகக்கவசத்தை இங்கே மஞ்சள் தொட்டியில் இடுங்கள். வீட்டிலாயின், பிறர் எடுத்து அணியாதபடி வெட்டி, காகிதப் பையில் 72 மணிநேரம் வைத்திருந்து குப்பையில் சேருங்கள். துப்புரவுப் பணியாளரின் நலனும் நம் கையில்தான் உள்ளது.