நல்ல மனசுக்கு மீட்டர் உண்டா? தெரியுமா உங்களுக்கு!

காய்ச்சலை அளக்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. நல்லது கெட்டதை அளக்க? மனிதன் சும்மா இருந்திருப்பானா!

அயர்லாந்தில் பிறந்த தத்துவ அறிஞர் பிரான்சிஸ் ஹட்சிசன் 1725லேயே ஒழுக்கத்துக்குச் சமன்பாடு எழுதிவிட்டார், தெரியுமா? ஒருவர் செய்த நன்மையை அவருடைய ஆற்றலால் வகுத்தால் அவரது நல்லெண்ணம் விடையாக வருமாம்! ஏழை கொடுத்த ஒரு ரூபாய்க்கே மார்க் அதிகம். பிற்காலப் பதிப்பில் கணக்கையெல்லாம் அவரே நீக்கிவிட்டார் என்பது வேறு கதை. 1876இல் இத்தாலிய டாக்டர் லோம்ப்ரோசோ தாடையையும் நெற்றியையும் வைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்றார். சுத்த அபத்தம்! இன்று அவருடைய எலும்புக்கூடே டூரின் மியூசியத்தில் நிற்கிறது.

இதைக் கேளுங்கள். 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்கள்! பேங்க், ஹோட்டல், போஸ்ட் ஆபீஸ் கவுன்டர்களில் ஒருவர் வந்து, "ரோட்டில் கிடந்தது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நீட்டிவிட்டு நடையைக் கட்டிவிடுவார். உள்ளே விசிட்டிங் கார்டு, மளிகை லிஸ்ட், ஒரு சாவி. சிலவற்றில் பணமும் உண்டு. பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு! காலிப் பர்ஸுக்கு உரியவரைத் தொடர்புகொண்டவர்கள் சுமார் 40 சதவீதம். பணம் இருந்ததற்கு 51! 2019இல் வெளியான ஆய்வு இது. ஆனால் திருப்பிக் கொடுப்பதுதான் நல்லது என்று எந்தக் கருவியும் சொல்லவில்லை. அதை மனிதர்கள் முடிவுசெய்த பிறகுதான் எண்ணவே ஆரம்பித்தார்கள்.

காந்தத்தால் நியாய உணர்வை அசைக்கலாம், தெரியுமா? ஒருத்தி விஷம் என்று நினைத்துத் தோழியின் காபியில் பொடியைக் கலக்கிறாள். அது வெறும் சர்க்கரை. செய்தது தப்பா? வலது காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் மூளைக்குக் காந்தத் துடிப்பு கொடுத்தபோது, "ஒன்றும் ஆகவில்லையே" என்கிற பக்கம் தீர்ப்பு கொஞ்சம் சாய்ந்தது! 2010இல் வெளிவந்த முடிவு.

மூளை ஸ்கேன் படத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, "இவர் மனநிலை என்ன?" என்று கேட்டார்கள். மீனின் மூளை 'வேலை செய்தது'! புள்ளியியல் திருத்தம் போடாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று காட்டவே அந்தக் குறும்பு. வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசையும் 2012இல் வாங்கியது!

கைக்குழந்தைகள்? 2007இல் யேல் பல்கலைக்கழகத்தில், மேடேறத் திணறும் பொம்மைக்கு உதவும் பொம்மையையும் அதைக் கீழே தள்ளிவிடும் பொம்மையையும் காட்டினார்கள். 28 குழந்தைகளில் 26 உதவிய பொம்மையையே பிடித்தன! உலகமே கொண்டாடியது. பிறகு 37 ஆய்வகங்கள் சேர்ந்து 500க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதையே செய்து பார்த்தன. உதவிய பொம்மையை எடுத்தவை 49 சதவீதம். பூவா தலையா கதைதான்!

"குழந்தை பிறக்கும்போதே நல்லதுன்னு சயின்ஸ் நிரூபிச்சாச்சு" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், எத்தனை குழந்தைகள் என்று மட்டும் கேளுங்கள்.