யுடோறாவும் கடிதங்களின் உடைமையும்

மின்னஞ்சலின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கம்பனிகளின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். யுடோறா என்னும் மென்பொருளின் கதையோ ஒரு பொதுப் பல்கலைக்கழகத்திலே தொடங்குகின்றது. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழக ஊழியரான ஸ்ரீவ் டோணர் 1988இல் அதனை மக்கின்ரொஷ் கணனிக்கென எழுதினார். எழுத்தாளர் யுடோறா வெல்ற்றியின் 1941ஆம் ஆண்டுச் சிறுகதையொன்றில், குடும்பத்தாருடன் பிணங்கிய பெண்ணொருத்தி தான் பணிபுரியும் தபாற்கந்தோரிலேயே குடியேறுகின்றாள். ஓயாது கடிதங்களிடையே உழைத்த டோணருக்கு அக்கதை நினைவில் எழுந்தமையே பெயர்க்காரணம். (இலக்கிய மாணவர்களாகிய நாம் இதில் சிறிது மகிழ்ச்சி கொள்வதை மறைக்கவேண்டியதில்லை.)

1991இல் குவால்கொம் நிறுவனம் அதனைத் தனதாக்கிற்று. இலவசப் பதிப்பு, விலைப் பதிப்பு, பின்னர் விளம்பரப் பதிப்பு எனப் பண்டத்துக்குரிய படிநிலைகள் யாவற்றையும் அது கடந்தது. 2006இல் நிறுவனம் அதனைக் கைவிட்டபோது, அதன் பரிமாற்றப் பெறுமானமே தேய்ந்திருந்தது. பயன் பெறுமானம் தேயவில்லை. 2018இல் கலிபோர்னியாவிலுள்ள கணனி வரலாற்று அரும்பொருளகம் மூலநிரலை யாவரும் எடுத்தாளத்தக்க உரிமத்துடன் வெளியிட்டது. ஒரு சமூகம் உழைத்து ஆக்கியது அச்சமூகத்துக்கு மீள முப்பது ஆண்டுகள் சென்றன.

இன்று அதனை இயக்க விரும்புவோர் பழைய மக்கின்ரொஷைத் தேடி அலையவேண்டியதில்லை. ஷீப்ஷேவர் போன்ற எமுலேற்றர் ஒன்று, அப்பழைய இயந்திரத்தைப் புதிய கணனியினுள்ளே போலச்செய்து காட்டும். யுடோறா உடனே திறக்கும். கடிதத்தைக் கொணரப் பணிக்கும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. அது அறிந்திருந்த மறைகுறியாக்க முறைகள் வழக்கொழிந்துவிட்டன. ஆதலின் இடைத்தரகர் ஒருவர் வேண்டும். ஸ்ரனல் என்னும் சிறு மென்பொருள் யுடோறாவிடம் வெற்றுரையிலும் சேவையகத்திடம் மறைகுறியிலும் பேசும். அத்தரகர் அதே கணனியினுள் இருத்தல் அவசியம். அன்றேல் கடவுச்சொல் வலையமைப்பிலே வெளிப்படையாகச் செல்லும். பெருஞ்சேவைகள் பல சாதாரண கடவுச்சொல்லையும் இப்போது ஏற்பதில்லை. சில, இவ்வாறான மென்பொருள்களுக்கெனத் தனிக் கடவுச்சொல் வழங்குகின்றன. இன்னுமொன்று: கடிதங்களைச் சேவையகத்திலும் விட்டுவைக்குமாறு முதலிலேயே கட்டளையிடாவிடின், யுடோறா அவற்றைத் தன்னிடம் எடுத்துக்கொண்டு அங்கே அழித்துவிடும்.

இவ்வழக்கம் இன்று ஆபத்தாகத் தோன்றினும் அதனுள்ளே உடைமை பற்றிய ஒரு கருத்து உண்டு. கடிதம் பெறுபவனுடையது, அவனது தட்டிலேயே இருக்கவேண்டியது. யுடோறா அஞ்சற்பெட்டி ஒவ்வொன்றையும், கடிதத்தின்பின் கடிதமாக, வெறும் உரைக்கோப்பாகவே சேமித்தது. மென்பொருள் மறைந்தாலும் எந்தவோர் உரைத்தொகுப்பானிலும் அதனைத் திறந்து வாசிக்கலாம். இணைப்புகளை மட்டும் வேறொரு கோப்புறையிலே பிரித்து வைத்தது. அக்கோப்புறையை மறந்து அஞ்சற்பெட்டியை மாத்திரம் நகலெடுத்த ஆய்வாளர், கட்டுரை இல்லாத கடிதத்தையே கண்டெடுப்பார். வலைவழி அஞ்சலிலோ கடிதங்கள் கம்பனியின் சேவையகத்தில் வாழ்கின்றன. கணக்கு முடக்கப்பட்டால் பிரதி எடுத்துவைக்காதவருக்கு எஞ்சுவது எதுவுமில்லை.

எனினும் பழைமை வழிபாட்டுக்கு நாம் உடன்படோம். யுடோறா இலத்தீன் எழுத்துகளை மனங்கொண்டே எழுதப்பட்டது. ஒருங்குறியை அது முறையாக அறியாது. இன்றைய யூ.ரி.எப்-8 முறையில் தமிழின் 'அ' மூன்று பைற்றுகளாகச் செல்கின்றது. யுடோறா அம்மூன்றையும் மூன்று தனிக்குறிகளாகக் காட்டும். ஆயினும், அவ்வாறு சிதைந்து தோன்றும் தமிழ்க் கடிதத்தின் கோப்பை எமுலேற்றருக்கு வெளியே எடுத்து, அதன் அஞ்சற் குறியீட்டை நீக்கி ஒருங்குறியாகத் திறந்தால், எழுத்துகள் பெரும்பாலும் பழுதின்றி மீள்கின்றன.