ஏக்கருக்கு ஒரு ஓட்டு: டிஸ்னி - ஃபுளோரிடா மோதலை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

எரியுற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்பார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில அரசுக்கும் வால்ட் டிஸ்னி கம்பெனிக்கும் 2022இல் மூண்டு 2024 வரை நீடித்த சண்டையைக் கவனித்த எவருக்கும் இந்தச் சொலவடை ஞாபகம் வந்திருக்கும். ஒரு பக்கம், சின்ன வகுப்புகளில் தன்பாலீர்ப்பு பற்றிப் பாடம் நடத்தக் கூடாது என்று சட்டம் போட்ட வலதுசாரி ஆளுநர் ரான் டிசாண்டிஸ். (அங்கே ஆளுநர் என்பது நம்ம ஊர் கவர்னர் மாதிரி மேலிருந்து அனுப்பப்படுகிற பதவி அல்ல. ஓட்டு வாங்கி ஜெயித்து வருகிற, ஏறக்குறைய முதலமைச்சருக்குச் சமமான பதவி.) இன்னொரு பக்கம், அந்தச் சட்டத்தை எதிர்த்து அறிக்கை விட்ட, உலகின் மாபெரும் கேளிக்கை நிறுவனங்களில் ஒன்று. நாம் யார் பக்கம்?

இப்படிக் கேட்டால் பதில் எதுவானாலும் நமக்கு நஷ்டம்தான் என்பது என் கருத்து. அதற்காக ரெண்டும் ஒண்ணுதான் என்று கைகழுவிவிட்டுப் போகவும் முடியாது. அவர்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள், எதற்காகச் சண்டையே போடவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். போடாத சண்டையில்தான் விஷயம் இருக்கிறது.

2

டிஸ்னி என்றதும் நம் சிறுபத்திரிகை வாசகர்களுக்கு பொத்ரியார் நினைவுக்கு வருவார். கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாண்டை வைத்து 1981இல் அவர் சொன்ன வாதம் பிரசித்தம். அந்தப் பூங்கா கற்பனை என்று காட்டப்படுவதே, அதற்கு வெளியே கிடக்கிற அமெரிக்கா நிஜம் என்று நம்மை நம்பவைக்கத்தான் என்றார். கூர்மையான வாசிப்புதான். ஆனால் அது வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவனின் வாசிப்பு. கொல்லைப்புறம் வழியாகப் போனால் வேறு சங்கதிகள் கண்ணில் படும். வடிகால், ரோடு, கட்டட அனுமதி, தீயணைப்பு வண்டி, கடன்பத்திரம். ஃபுளோரிடா விவகாரத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கொல்லைப்புறம்தான் உதவும்.

1960களின் நடுவில் ஓர்லாண்டோ நகரத்துக்குத் தென்மேற்கே இருந்த சதுப்பு நிலத்தை, பல பினாமிக் கம்பெனிகளின் பெயரில், யாருக்கும் தெரியாமல் டிஸ்னி வாங்கிச் சேர்த்தது. தெரிந்தால் விலை ஏறிவிடும் இல்லையா? சுமார் 27,000 ஏக்கர் கைக்கு வந்த பிறகு 1965 நவம்பரில்தான் விஷயம் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பூங்காவோடு ஒரு நகரமும் கட்டப்போவதாக வால்ட் டிஸ்னி சொன்னார். 20,000 பேர் வாழப்போகிற எதிர்கால நகரம். அதன் பெயர் எப்காட். 1966 அக்டோபரில் இந்தத் திட்டத்தைத் தானே விளக்கும் படம் ஒன்றில் நடித்துக் கொடுத்துவிட்டு, டிசம்பரில் இறந்துபோனார். அடுத்த வருஷம் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டித்தான் மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதத்தைக் கம்பெனி வாங்கியது. 1967 மே மாதம் ரீடி க்ரீக் மேம்பாட்டு வட்டாரம் சட்டப்படி உருவானது.

இந்த வட்டாரம் காகிதத்தில் ஓர் அரசு அமைப்பு. வரி போடலாம், கடன்பத்திரம் விற்கலாம், தனக்கான கட்டட விதிகளைத் தானே எழுதிக்கொள்ளலாம், தீயணைப்புப் படை வைத்துக்கொள்ளலாம். விமான நிலையமும் அணுமின் நிலையமும் கட்டிக்கொள்ளக்கூட அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது. இதை நிர்வகிக்க 5 பேர் கொண்ட குழு. குழுவைத் தேர்ந்தெடுப்பவர்கள் அங்கே நிலம் வைத்திருப்பவர்கள். ஏக்கருக்கு ஒரு ஓட்டு. கிட்டத்தட்ட எல்லா ஏக்கரும் யாரிடம் இருந்தது என்று சொல்லவேண்டியதில்லை. குழு உறுப்பினர் ஆவதற்கும் நிலம் வேண்டும் என்பதால், கம்பெனி தேர்ந்த ஆட்களின் பெயரில் தலைக்கு 5 ஏக்கர் தரிசு நிலம் எழுதப்பட்டது.

20,000 பேர் வாழப்போகிற நகரம் வரவேயில்லை. 1982இல் எப்காட் என்ற பெயரில் இன்னொரு பூங்காதான் திறக்கப்பட்டது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. குடியிருக்க ஜனங்கள் வந்தால் ஓட்டும் கூடவே வரும். வட்டாரத்துக்குள் இரண்டு நகராட்சிகள் உண்டு. இரண்டிலும் சேர்த்து ஐம்பது சொச்சம் பேர்தான் குடியிருக்கிறார்கள். அவர்களும் கம்பெனி ஊழியர்களும் குடும்பத்தாரும். இருப்பது கம்பெனி இடத்தில். 1990களில் செலிப்ரேஷன் என்ற நிஜமான குடியிருப்பு நகரத்தை டிஸ்னி கட்டியபோது, முதல் காரியமாக அந்த நிலத்தை வட்டாரத்தின் எல்லையிலிருந்து கழற்றிவிட்டது. வீடு வாங்கி வருகிறவன் நில உரிமையாளன் ஆகிவிடுவான். அவனுக்கு ஓட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். மக்கள் வரலாம், குடிமக்கள் வரக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டை 55 வருஷம் ஃபுளோரிடாவில் எந்தக் கட்சி அரசும் தொடவில்லை என்பதை மனதில் இருத்திக்கொள்வோம்.

3

2022 மார்ச் 28 அன்று டிசாண்டிஸ் கையெழுத்திட்ட சட்டத்தின் பெயர் 'கல்வியில் பெற்றோர் உரிமை'. மழலையர் வகுப்பு முதல் 3ஆம் வகுப்பு வரை பாலியல் ஈர்ப்பு, பாலின அடையாளம் பற்றிய பாடம் கூடாது. அதற்கு மேலே வயதுக்குப் பொருந்தாத வகையில் கூடாது. எது பாடம், எது பேச்சு என்று சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. இரண்டு அம்மாக்களோடு வாழ்கிற குழந்தை தன் வீட்டைப் படமாக வரைந்தால் டீச்சர் அதைச் சுவரில் ஒட்டலாமா? தெரியாது. தெரியாத இடத்தில் பயம் வரும், பயந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். இந்த மாதிரிச் சட்டங்கள் வேலை செய்கிற விதம் அதுதான். தண்டனை அபூர்வமாக வரும், மௌனம் தினசரி வரும்.

மசோதா விவாதத்தில் இருந்தபோது டிஸ்னி பேசவில்லை. பேசாதது மட்டுமில்லை, மசோதாவை ஆதரித்தவர்களுக்கு அது தேர்தல் நன்கொடை கொடுத்திருந்த விஷயம் ஓர்லாண்டோ பத்திரிகையில் வெளியானது. அறிக்கைகளால் பெரிதாக எதுவும் மாறாது, எங்கள் படைப்புகளே பேசும் என்கிற மாதிரி அப்போதைய தலைமை அதிகாரி பாப் சேப்பெக் ஊழியர்களுக்கு விளக்கம் எழுதினார். அந்தப் படைப்புகளின் லட்சணம் என்ன என்று கம்பெனிக்குள்ளிருந்தே பதில் வந்தது. தன்பாலீர்ப்பினரின் அன்பைக் காட்டுகிற காட்சிகளை மேலிடம் வெட்டச் சொல்கிறது என்று பிக்ஸார் ஊழியர்கள் கடிதம் எழுதினார்கள். மார்ச் 11 அன்று சேப்பெக் மன்னிப்புக் கேட்டு, ஃபுளோரிடாவில் அரசியல் நன்கொடைகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். மார்ச் 22 அன்று ஊழியர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். சட்டம் கையெழுத்தான பிறகு, அது நீக்கப்பட வேண்டும் என்று கம்பெனி பகிரங்கமாகச் சொன்னது.

அதாவது கம்பெனி பேசவில்லை, பேச வைக்கப்பட்டது. அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கிற தன்பாலீர்ப்பினரும் திருநரும் அவர்களோடு நின்றவர்களும்தான் பேச வைத்தார்கள். பிறகு எழுதப்பட்ட கதைகளில் 'டிஸ்னியின் துணிச்சல்' என்று இது கம்பெனி கணக்கில் வரவு வைக்கப்பட்டது. டிசாண்டிஸுக்கும் இந்தக் கதை வசதியாகவே இருந்தது. ஊழியர்களோடு மோதினால் அவர் சாமானியரை மிதிப்பவர் ஆகிவிடுவார். ஒரு பிரம்மாண்டமான கம்பெனியோடு மோதினால், சாமானியருக்காக நிற்பவர் ஆகிறார்.

4

அடுத்த மாதமே பதிலடி. 2022 ஏப்ரல் 22 அன்று ரீடி க்ரீக் வட்டாரத்தை 2023 ஜூன் 1 முதல் கலைப்பதற்கான சட்டம் கையெழுத்தானது. கூடவே இன்னொரு திருத்தமும். 2021இல் இதே டிசாண்டிஸ் சமூக ஊடகக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தபோது, 25 ஏக்கருக்கு மேல் கேளிக்கைப் பூங்கா வைத்திருக்கும் கம்பெனிக்கு அது பொருந்தாது என்று விலக்கு எழுதிவைத்திருந்தார்கள். இதென்ன கூத்து, இணையத்துக்கும் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பாசம் இருந்தபோது போட்ட விலக்கு, பாசம் போனதும் நீக்கப்பட்டது.

கலைப்பதில் ஒரு சிக்கல். வட்டாரத்துக்குச் சுமார் 100 கோடி டாலர் கடன்பத்திரப் பாக்கி இருந்தது. கலைத்தால் அது பக்கத்து ஆரஞ்சு, ஆஸியோலா கவுன்டிகளில் வரி கட்டுகிற ஜனங்களின் தலையில் விழும் அபாயம். கடன் தீரும்வரை வட்டாரத்தின் உரிமைகளில் கைவைக்க மாட்டோம் என்று 1967 சட்டத்திலேயே அரசு எழுதிக் கொடுத்திருந்தது. எனவே 2023 பிப்ரவரியில் புதுச் சட்டம். வட்டாரம் கலைக்கப்படவில்லை. அதன் வரி, கடன், அதிகாரம் பெரும்பாலும் அப்படியே இருந்தன. பெயர் 'மத்திய ஃபுளோரிடா சுற்றுலா மேற்பார்வை வட்டாரம்' என்று ஆனது. 5 பேர் குழுவை இனி ஆளுநரே நியமிப்பார்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. அதே பிப்ரவரியில், பதவி போகும் முன், பழைய குழு டிஸ்னியோடு ஒரு நீண்டகால ஒப்பந்தம் போட்டுப் புதிய குழுவின் கையைக் கட்டிவைத்தது. அதிலே ஒரு ஷரத்து, இங்கிலாந்து அரசர் மூன்றாம் சார்லஸின் அன்று உயிரோடிருந்த வாரிசுகளில் கடைசியாக இறப்பவர் இறந்து 21 வருஷம் வரை செல்லும் என்றது. சொத்துச் சட்டத்தில் இது பழைய உத்திதான். இருந்தாலும், அரசனை எதிர்த்துப் பிறந்த குடியரசில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கு எதிராக ஒரு கம்பெனி அரச பரம்பரையின் ஆயுளைக் காவலுக்கு நிறுத்திய காட்சியைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஆளுநர் தரப்பும் சளைக்கவில்லை. பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு சிறைச்சாலை கட்டலாமே என்று டிசாண்டிஸ் 2023 ஏப்ரலில் பேசினார். அந்த ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கச் சட்டமன்றம் இன்னொரு சட்டம் போட்டது.

இதே பிப்ரவரியில் நடந்த இன்னொன்றுக்கு இவ்வளவு வெளிச்சம் கிடைக்கவில்லை. அந்தப் பூங்காக்களில் அறை துடைக்கிற, சமைக்கிற, பஸ் ஓட்டுகிற, வேஷம் கட்டுகிற தொழிலாளர்கள், மணிக்கு ஒரு டாலர் கூட்டித் தருகிறோம் என்ற கம்பெனியின் பேரத்தைத் தொழிற்சங்க வாக்கெடுப்பில் தூக்கி எறிந்தார்கள். மார்ச்சில் கம்பெனி இறங்கி வந்தது. வருஷ முடிவுக்குள் குறைந்தபட்சக் கூலி 18 டாலர் என்று ஒப்புக்கொண்டது. சுமார் 45,000 பேர் சம்பந்தப்பட்ட விஷயம். ஏக்கருக்கு ஒரு ஓட்டு முறையில் இவர்களுக்கு ஓட்டில்லை. ஆளுநர் நியமிக்கும் குழுவிலும் இவர்களுக்கு இடமில்லை. இவர்கள் ஓட்டுப்போட்ட ஒரே இடம் சங்கம்.

5

2023 ஏப்ரலில் டிஸ்னி மத்திய நீதிமன்றத்துக்குப் போனது. எங்கள் பேச்சுக்காகப் பழிவாங்குகிறார்கள், இது கருத்துரிமை மீறல் என்பது வாதம். பழிவாங்கல் என்பது ரகசியமே அல்ல. டிஸ்னியோடு மோதியதை டிசாண்டிஸ் தன் புத்தகத்தில் ஓர் அத்தியாயமாகவே எழுதிவைத்திருந்தார். ஆனாலும் 2024 ஜனவரி 31 அன்று வழக்கு தள்ளுபடியானது. சட்டத்தின் வாசகம் தன்னளவில் அரசியல் சாசனத்துக்கு உட்பட்டதாக இருந்தால், அதை இயற்றியவர்களின் உள்நோக்கத்தைக் காட்டி அதைத் தாக்க முடியாது என்றார் நீதிபதி. அதிகாரம் தன் நோக்கத்தை மேடை போட்டுச் சொல்லலாம், அது சட்டத்தின் காதில் விழாது. கம்பெனிக்கு இது ஒரு தோல்வி, அவ்வளவுதான். நாளைக்கு ஒரு சிறு அமைப்பின் மானியத்தையோ ஒரு நூலகத்தின் நிதியையோ இதே மாதிரிப் பறிக்கும்போதும் இதே தர்க்கம் எதிரே வந்து நிற்கும். டிஸ்னியின் சலுகையை நாம் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அது பறிக்கப்பட்ட விதத்தைப் பார்த்துக் கைதட்டவும் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

அப்புறம் சமரசம். 2024 மார்ச் 27 அன்று மாநில நீதிமன்ற வழக்குகள் முடித்துக்கொள்ளப்பட்டன. பழைய குழுவோடு போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று டிஸ்னி ஒப்புக்கொண்டது. ஜூனில் ஆளுநர் நியமித்த குழுவே டிஸ்னியோடு 15 வருஷ ஒப்பந்தம் ஒன்றை நிறைவேற்றியது. 1,700 கோடி டாலர் வரை முதலீடு, விரிவாக்கத்துக்கு வழி. மத்திய நீதிமன்ற மேல்முறையீட்டையும் கம்பெனி கைவிட்டது. இரண்டு வருஷம் உலகமே பார்த்த பண்பாட்டு யுத்தம் ஒரு கட்டுமான ஒப்பந்தத்தில் வந்து முடிந்தது. அதே டிசம்பரில், தன் குழந்தைகள் தொடர் ஒன்றிலிருந்து திருநர் பாத்திரத்தின் கதைச்சரடை டிஸ்னி நீக்கியது. கதை அத்தோடு தீர்ந்தது.

6

வகுப்பறை என்ன ஆயிற்று? 2023இல் அந்தத் தடை மேல் வகுப்புகளுக்கும் நீட்டப்பட்டிருந்தது. அதை அசைத்தது டிஸ்னி இல்லை. பாதிக்கப்பட்ட மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள், உரிமை அமைப்புகள் தனியாகத் தொடுத்த வழக்கு 2024 மார்ச் 11 அன்று ஓர் உடன்பாட்டில் முடிந்தது. பாடமாக நடத்தாதவரை மாணவரும் ஆசிரியரும் இவை பற்றிப் பேசலாம் என்று தெளிவாக்கப்பட்டது. சட்டம் சாகவில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் படத்தைச் சுவரில் ஒட்டத் தயங்கிய டீச்சருக்கு ஒரு பதில் கிடைத்தது.

ஆக, போடாத சண்டை எது? அந்த 27,000 ஏக்கரில் உழைக்கிறவர்களுக்கும் அதைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கும் அதன் நிர்வாகத்தில் ஓட்டு வேண்டும் என்று அரசும் கேட்கவில்லை, கம்பெனியும் கேட்கவில்லை. தனியார் கையிலிருந்த அதிகாரம் ஆளுநர் கைக்குப் போனதை 'பொறுப்புக்கூறல்' என்றார்கள். கம்பெனி தன் பட்டாவைக் காப்பாற்றிக்கொண்டதைக் 'கருத்துரிமை' என்றார்கள். ரெண்டு சொல்லும் நம்முடையவை, இரவல் போய்விட்டன. திரும்ப வாங்கியாக வேண்டும்.

ஒரு பெரிய கம்பெனி நமக்காகப் பேசினால், அதை உள்ளிருந்து பேச வைத்தவர்கள் யார் என்று கேட்போம். ஓர் அரசு ஒரு சலுகையைப் பறித்தால், பறித்ததை யார் கையில் கொடுத்தது என்று கேட்போம். ஃபுளோரிடாவில் முதல் கேள்விக்குப் பதில் மார்ச் 22 அன்று வெளியே வந்து நின்ற ஊழியர்கள். இரண்டாவதற்குப் பதில், ஆளுநர் நியமித்த 5 பேர்.